162 ஆட்டம், ஒரே மண்டை: பேஸ்பால் சீசனில் மனசைக் கட்டி மேய்ப்பது எப்படி

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். அமெரிக்க மேஜர் லீக்கில் ஒரு அணிக்கு ஒரு சீசனில் 162 ஆட்டம். மார்ச் கடைசியில் ஆரம்பித்து செப்டம்பர் கடைசி வரை, ஆறு மாதம், கிட்டத்தட்ட தினமும். அணியில் நிரந்தர இடம் பிடித்த பேட்டர் அந்த ஆறு மாதத்தில் 600 தடவையாவது மட்டையோடு போய் நிற்பார். பத்துக்கு மூன்று ஹிட் (அடித்துவிட்டு, அவுட் ஆகாமல், ஓட்டத்தின் முதல் நிறுத்தமான முதல் பேஸையாவது தொடுவது) அடித்து, ஆவரேஜை .300-ல் வைத்திருந்தால் அவர் நட்சத்திரம், கோடிகளில் சம்பளம். மீதி ஏழு தடவை தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அணி உட்காரும் டக்அவுட்டுக்குத் திரும்பி நடந்தவரும் அதே ஆள்தான்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இது சட்டென்று பிடிபடாது. அங்கே அவுட் ஆனால் பேடைக் கழற்றி வீசிவிட்டு ஒரு மூலையில் உட்கார்ந்து புலம்பலாம், அடுத்த இன்னிங்ஸுக்கு நேரம் இருக்கிறது. இங்கே முக்கால் மணி நேரத்தில் திரும்ப உங்கள் முறை வந்துவிடும், நடுவில் ஃபீல்டிங்குக்கும் ஓட வேண்டும், அன்றைக்கு நான்கு தடவையும் சொதப்பினாலும் நாளைக்கு அதே நேரத்துக்கு அதே இடத்தில் மறுபடி நிற்க வேண்டும். ஆகவே விளம்பரங்களில் பல்லைக் கடித்துக்கொண்டு காட்டுகிற அந்த வெறி இருக்கிறதே, அது ஏப்ரல் நடுவிலேயே ஆளைத் தின்று தீர்த்துவிடும். ஆறு மாதம் தாக்குப்பிடிக்க வேறு ஒரு சாமர்த்தியம் வேண்டும்: நடந்து முடிந்ததை எவ்வளவு சீக்கிரம் மூடிவைக்கிறீர்கள், அடுத்ததற்கு எவ்வளவு முழுசாக வந்து சேருகிறீர்கள் என்பது. இது பிறவிக் குணம் இல்லை, பழகினால் வரும்.

நான் ஆடுவது நியூ ஜெர்சியில் ஞாயிற்றுக்கிழமை சாஃப்ட்பால், அதிலும் ஏழாவது எட்டாவது ஆளாக. எனக்குத் தெரிந்ததெல்லாம் பல வருஷமாக மேஜர் லீக்கைப் பார்த்ததும் படித்ததும், அதில் கொஞ்சத்தை நானே முயன்று பார்த்ததும்தான். பிள்ளையைச் சிறுவர் பேஸ்பாலான லிட்டில் லீக்கில் விட்டிருக்கும் அப்பா அம்மாக்களுக்கும் இதில் பாதியாவது உதவும்.

எதை எண்ணுவது என்பதை மாற்றுங்கள்

இச்சிரோ சுசூகி 2004-ல் ஒரே சீசனில் 262 ஹிட் அடித்தார். ஜார்ஜ் சிஸ்லர் 1920-ல் வைத்த 257 என்ற சாதனை 84 வருஷம் கழித்து உடைந்தது. அவர் கண் வைத்திருந்தது ஹிட்களின் எண்ணிக்கை மேல், ஆவரேஜ் மேல் இல்லை. யோசித்துப் பார்த்தால் எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று தெரியும். ஆவரேஜ் ஏறும், இறங்கும். இன்றைக்கு நன்றாக இருக்கிறதே, நாளைக்குப் போய் ஏன் கெடுத்துக்கொள்வது என்று ஆளைப் பின்னுக்கு இழுக்கும். ஹிட் எண்ணிக்கை ஏறத்தான் செய்யும், இறங்கவே இறங்காது. அதை எண்ணுகிறவனுக்கு இன்னொரு தடவை மட்டை பிடிப்பது எப்போதும் லாபம்.

ஆனால் ஹிட்டையும் தினமும் எண்ணாதீர்கள் என்றுதான் சொல்வேன், இச்சிரோ மன்னிக்கட்டும். வேலியைத் தாண்டிப் போகும் ஹோம் ரன்களைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், மைதானத்துக்குள் அடித்த பந்துகளில் லீக் முழுக்கச் சுமார் 30 சதவீதம்தான் ஹிட் ஆகிறது. மட்டையை விட்டுப் பந்து கிளம்பியதும் உங்கள் கட்டுப்பாடு முடிந்தது. ஷார்ட்ஸ்டாப் என்கிற ஃபீல்டர் எங்கே நிற்கிறான், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, அதெல்லாம் உங்கள் வேலை இல்லை. மேஜர் லீக்கின் ஸ்டேட்காஸ்ட் அளவீட்டில் மணிக்கு 95 மைல், அதாவது 153 கிலோமீட்டருக்கு மேல் பறந்தால் அது 'ஹார்ட் ஹிட்'. அப்படி இரண்டு பந்தை விளாசி, இரண்டும் நேராக ஃபீல்டர் கையில் போய் உட்காரும் நாள் உண்டு. மட்டை இரண்டாக உடைந்து பந்து நொண்டிக்கொண்டே போய் புல்லில் விழுந்து ஹிட் ஆகிற நாளும் உண்டு. ஸ்கோர் அட்டையைக் கேட்டால் இரண்டாவது நாள்தான் நல்ல நாள் என்று சொல்லும். அதை நம்பி முதல் நாளின் நல்ல ஸ்விங்கை மாற்றப் போனீர்கள் என்றால், அங்கே ஆரம்பிக்கும் சனி.

அதனால் ஒரு சின்ன நோட்டு வையுங்கள். ஆட்டம் முடிந்ததும், குளிக்கப் போகும் முன்னால், ஒவ்வொரு முறை மட்டை பிடித்ததற்கும் மூன்றே கேள்வி. அடிக்க வேண்டிய பந்தைத்தான் அடித்தேனா? நேரத்துக்கு மட்டை வந்ததா? உள்ளே போகும்போது என்ன செய்யப் போகிறேன் என்று எனக்குத் தெரிந்திருந்ததா? ஆம், இல்லை, ஆம். அவ்வளவுதான் எழுத வேண்டும், கதை எழுதக் கூடாது. மூன்றாவது கேள்விதான் முக்கியம். தொடர்ந்து அதில் 'இல்லை' விழுந்தால் பிரச்சினை கையில் இல்லை, தயாரிப்பில் இருக்கிறது.

இதற்கு நேர் எதிர் உதாரணமும் இருக்கிறது, மறைக்கக் கூடாது. ஆரன் ஜட்ஜ் 2016-ல் நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு வந்த புதிதில் 84 தடவைக்கு 42 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் விழுந்து அவுட்), ஆவரேஜ் .179. அந்த எண்ணைத் தன் போனில் எழுதி வைத்துக்கொண்டார். அடுத்த வருஷம் 52 ஹோம் ரன், 2022-ல் 62. எண்ணைப் பார்க்காதே என்று இத்தனை நேரம் சொல்லிவிட்டு இதையும் சொல்வது முரணாகத்தான் படும். ஆனால் கவனியுங்கள், அவர் வைத்திருந்தது முடிந்துபோன வருஷத்தின் எண். அது ராத்திரிக்கு ராத்திரி மாறாது. சுவரில் ஆணியடித்து மாட்டிய படம் மாதிரி. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் துடிக்கிற எண்ணைத்தான் பார்க்க வேண்டாம் என்கிறேன்.

இரண்டு பந்துக்கு நடுவில் இருக்கும் ஏழு விநாடி

சீசன் முழுவதையும் ஒரே மூச்சில் சமாளிக்க யாராலும் முடியாது. சமாளிக்கக் கூடிய அளவு ஒரு பந்துதான். 2023-லிருந்து, பந்து எறிய எடுக்கும் நேரத்தை எண்ணும் பிட்ச் கிளாக் வந்துவிட்டதால் அந்த நேரமும் சுருங்கிவிட்டது: பேஸில் ஆள் இல்லையென்றால் 15 விநாடி, ஆள் இருந்தால் இப்போது 18. அதில் 8 விநாடி மிச்சம் இருக்கும்போதே பேட்டர் தயாராக நின்று, பந்து எறியும் பிட்சரைப் பார்த்தாக வேண்டும், இல்லையென்றால் அம்பயர் சும்மாவே ஒரு ஸ்ட்ரைக் கொடுத்துவிடுவார். டைம் அவுட் கேட்பதும் ஒரு முறைக்கு ஒன்றுதான். ஆக, போன பந்தில் கேவலமாக ஸ்விங் செய்ததைக் கழுவிவிட்டு, அடுத்ததற்கு ஆளாக நிற்பதற்கு உங்களுக்குக் கிடைப்பது ஏழிலிருந்து பத்து விநாடி.

அந்த ஏழு விநாடியை ஒரு நல்ல பேட்டரிடம் உற்றுப் பாருங்கள், டிவியில் ரீப்ளே ஓடாமல் இருந்தால். பந்து கேட்சர் கையில் விழுந்ததும் ஒரு கால் மட்டும் பேட்டர் நிற்கும் கட்டத்துக்கு வெளியே வரும். மணிக்கட்டில் கையுறையின் பட்டையை 'சர்ர்' என்று பிரித்து ஒட்டுவார். அது இறுக்கம் சரியில்லை என்பதற்காக இல்லை. அந்தச் சத்தத்தோடு போன பந்து முடிந்தது என்று கைக்குச் சொல்கிறார். அப்புறம் கண் ஏதாவது ஒரு இடத்துக்குப் போகும். டாம்பா பே ரேஸில் ஆடிய எவான் லாங்கோரியா இடது பக்க ஃபவுல் கம்பத்தைப் பார்ப்பார். எந்த ஊர் மைதானத்துக்குப் போனாலும் அந்தக் கம்பம் இருக்கும், அதே பக்கத்தில் இருக்கும், அதற்கு உங்கள் ஆவரேஜ் தெரியாது. அவருக்கு இதைப் பழக்கிவிட்டவர் கென் ரவிசா என்ற விளையாட்டு உளவியலாளர். கண் நிலைத்ததும் ஒரு மூச்சு: இழுப்பது சாதாரணமாக, விடுவது நீளமாக, தோள் இரண்டும் தானாக இறங்குகிற வரை. பிறகு ஒரே ஒரு நினைப்பு. 'உள்பக்கம் வேகமான பந்து' என்பது மாதிரி. கால் உள்ளே. கண் பிட்சர் மேல்.

ஒரே நினைப்பு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிட்சர் நிற்கும் இடத்துக்கும் பேட்டர் பக்கம் இருக்கும் ஹோம் பிளேட்டுக்கும் 18.44 மீட்டர். 95 மைல் வேகப் பந்து அதை 0.4 விநாடியில் கடந்துவிடும், அதிலும் பாதி நேரத்துக்குள் அடிப்பதா விடுவதா என்று முடிவாகிவிட வேண்டும். முழங்கை எங்கே இருக்கிறது, கோச் காலையில் என்ன சொன்னார், அப்பா கேலரியில் வந்திருக்கிறாரா, எதற்கும் அங்கே இடமில்லை. யோசிப்பதெல்லாம் வெளியே, ஆன்-டெக் வட்டத்தில் உங்கள் முறைக்காகக் காத்திருக்கும்போது. கட்டத்துக்குள் கால் வைத்தால் யோசனைக் கடை மூடியாச்சு.

இதே ரவிசா கால் ஸ்டேட் ஃபுல்லர்டன் பல்கலைக்கழக அணியோடும் வேலை பார்த்தார். அவர்கள் டக்அவுட்டில் ஒரு பொம்மைக் கழிப்பறை இருந்தது, நிஜமாகத்தான் சொல்கிறேன். மோசமான பந்தோ பிழையோ நடந்தால் வந்து அதன் பிடியை அழுத்திவிட்டுப் போவார்கள், போனது போயிற்று. 2004-ல் 15 வெற்றி 16 தோல்வி என்று கிடந்த அந்த அணி அந்த வருஷமே கல்லூரி உலகத் தொடரை வென்றது. பொம்மையால் ஜெயித்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை, நல்ல ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். ஆனால் மறப்பதற்கும் கைக்கு ஒரு வேலை கொடுத்தால் மறப்பது சுலபமாகிறது.

பழகும் விதம்: ஆட்ட நாளில் முதல் முறையாகச் செய்யாதீர்கள், வராது. பேட்டிங் பயிற்சியில் ஒவ்வொரு பந்துக்கும் செய்யுங்கள், நன்றாக அடித்த பந்துக்கும் சேர்த்து. பெரும்பாலானவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள், சொதப்பினால் மட்டும் மூச்சு விடுகிறார்கள், அப்புறம் அந்த மூச்சே 'சொதப்பிவிட்டேன்' என்பதற்கு அடையாளம் ஆகிவிடுகிறது. நான் இதை எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் முதல் தடவை செய்தபோது, தூரத்து விளக்குக் கம்பத்தைப் பார்த்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தவனிடம் கேட்சர் நண்பன், "என்ன மச்சி, சாமி கும்பிடுறியா?" என்றான். அன்றைக்கு அவுட்தான். நாலைந்து வாரம் ஆயிற்று உடம்புக்குப் பழக.

ஸ்லம்ப் வந்தால்

ஸ்லம்ப் என்பது ஹிட்டே வராத வறண்ட காலம். வந்தால் இல்லை, வரும். யாங்கீஸ் நட்சத்திரம் டெரெக் ஜீட்டருக்கே வந்தது: 2004 ஏப்ரலில் தொடர்ந்து 32 தடவை ஹிட் இல்லை, கடைசியில் பாரி ஜிட்டோ பந்தில் ஹோம் ரன் அடித்து அதை முடித்தார், சீசன் முடியும்போது .292-ல் நின்றார். அந்த 32-ஐ இப்போது யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

முதல் வேலை, வாயை அடைப்பது. உங்கள் வாயை இல்லை, ஊர் வாயை. ஸ்லம்பில் இருக்கிறவனுக்கு ஆலோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இருக்காது. பேட்டிங் கோச் ஒன்று சொல்வார், கல்லூரிக் கோச் போனில் ஒன்று சொல்வார், பக்கத்து லாக்கர்காரன் ஒன்று, மாமனார் ஒன்று. நான்கையும் ஒரே வாரத்தில் முயன்றால் உங்கள் சொந்த ஸ்விங் எது என்றே மறந்துபோகும். ஒரு குரலைத் தேர்ந்தெடுங்கள், மற்றவர்களுக்கு "சரி, பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு நகருங்கள். மரியாதைக்குறைவு ஒன்றும் இல்லை.

இரண்டாவது, சோதிக்கும் வரிசை. முதலில் உடம்பு: தூக்கம், எங்காவது வலி, மறைத்து வைத்திருக்கும் காயம். அடுத்து நேரம்: கால் எப்போது தரையில் படுகிறது. அதற்கடுத்து பந்துத் தேர்வு: எல்லைக்கு வெளியே போகிற பந்தைத் துரத்துகிறீர்களா. இவை மூன்றும் சரி என்றால் மட்டும்தான் ஸ்விங்கைத் தொட வேண்டும். பலபேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். டோனி க்வின் 1983-ல் அடிக்க முடியாமல் தவித்தபோது மனைவியிடம் சொல்லி வீட்டு வி.சி.ஆரில் ஆட்டங்களைப் பதிவு செய்யச் சொன்னார், அப்போதெல்லாம் யாரும் அப்படிச் செய்ததில்லை. அந்தப் பழக்கத்தை அவர் கடைசி வரை விடவில்லை, 3,141 ஹிட் அடித்துவிட்டுத்தான் ஓய்ந்தார். இன்று ஒவ்வொரு ஸ்விங்கும் டேப்லெட்டில் வந்து விழுகிறது, அதுவே ஆபத்தும்கூட. தப்பான ஸ்விங்கையே இருபது தடவை பார்த்தால் அதுதான் மண்டையில் பதியும். நன்றாக அடித்த ஒரு வாரத்தின் வீடியோவைப் பக்கத்தில் வைத்து, எது வித்தியாசம் என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுங்கள்.

மூன்றாவது, மேனேஜராக, அதாவது அணியின் தலைமைப் பயிற்சியாளராக இருக்கிறவர்களுக்கு. வில்லி மேஸ் 1951-ல் நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு வந்தபோது வயது 20. முதல் 12 தடவை பூஜ்யம். பிறகு வாரன் ஸ்பான் பந்தில் ஒரு ஹோம் ரன், அதற்கப்புறம் மறுபடி வறட்சி. பையன் உட்கார்ந்து அழ, மேனேஜர் லியோ டுரோச்சர் போய், நான் இங்கே இருக்கும்வரை சென்டர் ஃபீல்டில் நீதான் என்ற அர்த்தத்தில் பேசியதாகச் சொல்வார்கள். அந்த வருஷத்தின் சிறந்த புதுமுகம் மேஸ்தான். நாளைக்கும் பெயர் பட்டியலில் இருக்கும் என்று தெரிந்தவன் கையில் மட்டை இளகும். பட்டியலைப் பார்க்கப் பயந்து வருகிறவன் முதல் பந்திலேயே ஐந்து ரன் அடிக்கப் பார்ப்பான்.

இங்கே ஒரு கசப்பான உண்மையும் சொல்லியாக வேண்டும். பால்டிமோர் ஓரியோல்ஸின் கிறிஸ் டேவிஸ் 2013-ல் 53 ஹோம் ரன் அடித்தவர், 2016 தொடக்கத்தில் ஏழு வருஷத்துக்கு 161 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டவர். 2018 செப்டம்பரிலிருந்து 2019 ஏப்ரல் வரை தொடர்ச்சியாக 54 தடவை ஹிட் இல்லை, பிட்சர் அல்லாத ஒருவருக்கு அதுவே மேஜர் லீக் சாதனை. சொந்த ஊர்க் கூட்டமே கூச்சல் போட்டது. ஏப்ரல் 13 அன்று பாஸ்டனில் இரண்டு ரன் வரவைத்த ஒரு சிங்கிளோடு அது உடைந்தது. உடைந்ததே தவிர அவர் பழைய டேவிஸாகத் திரும்பவில்லை, 2021-ல் ஓய்வு பெற்றார். மனசைச் சரிசெய்தால் எல்லாம் சரியாகும் என்று விற்கிறவர்களை நம்பாதீர்கள். டேவிஸிடம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது: 55-வது தடவையும் மட்டையை எடுத்துக்கொண்டு போனார்.

அம்பயர் தப்பாகக் கொடுத்தால்

2010 ஜூன் 2, டெட்ராய்ட். டைகர்ஸ் பிட்சர் ஆர்மாண்டோ கலராகா 26 பேரை வரிசையாக அவுட் ஆக்கியிருந்தார், ஒருவர்கூட முதல் பேஸைத் தொடவில்லை. இன்னும் ஒரே ஒரு ஆள், அப்புறம் பெர்ஃபெக்ட் கேம். மேஜர் லீக்கின் மொத்த வரலாற்றிலும் அது இரண்டு டஜன் தடவைதான் நடந்திருக்கிறது. 27-வது ஆள் தரையோடு அடித்த பந்தை மிகெல் கப்ரேரா நகர்ந்து எடுத்து எறிய, முதல் பேஸுக்கு ஓடிவந்த கலராகா அதைப் பிடித்துக் காலை வைத்தார். ஓடியவன் ஒரு அடி பிந்திவிட்டான். அம்பயர் ஜிம் ஜாய்ஸ் கையை விரித்தார்: சேஃப்.

மைதானமே தலையில் கை வைத்தது. கலராகா சிரித்தார். ஏளனச் சிரிப்பு இல்லை, 'அப்படியா சொல்கிறீர்கள்' என்பது மாதிரி ஒரு சிரிப்பு. திரும்பி நடந்து போய், அடுத்த ஆளை அவுட் ஆக்கி ஆட்டத்தை 3-0 என்று முடித்தார். வீடியோ பார்த்த ஜாய்ஸ் உடைந்து போனார். மறுநாள் பிளேட்டில் நின்ற ஜாய்ஸிடம் பெயர் பட்டியலைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் கலராகாதான், ஜாய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டே வாங்கினார்.

இதைப் பெருந்தன்மைக் கதையாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அந்த 28-வது ஆள்தான் முக்கியம். அவ்வளவு பெரிய அநியாயம் நடந்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அடுத்த பந்து போட்டாக வேண்டும், போட்டார். அதற்கு வேண்டியது கோபமே வராத மனசு இல்லை, கோபத்துக்கு 'இன்னிங்ஸ் முடியட்டும்' என்று நேரம் குறித்துக் கொடுக்கிற மனசு. அதே விதியை வைத்துக்கொள்ளுங்கள்: முறையிட வேண்டியதை முகத்தைத் திருப்பாமல் ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள், மீதியை டக்அவுட்டில் வைத்துக்கொள்ளலாம். 2026-லிருந்து பால்-ஸ்ட்ரைக் தீர்ப்பை (பந்து எல்லைக்கு வெளியேயா உள்ளேயா என்பதை) இயந்திரத்திடம் முறையிட ஒரு அணிக்கு இரண்டு வாய்ப்பு, ஜெயித்தால் அது கையிலேயே இருக்கும். தலையைத் தட்டிக் கேட்க வேண்டியது பேட்டரோ பிட்சரோ கேட்சரோதான், டக்அவுட்டைக் கேட்டுச் செய்ய முடியாது. நிஜமாகப் பந்து வெளியே போனதைக் கண்டீர்களா, அல்லது கடுப்பில் தட்டுகிறீர்களா என்று உங்களுக்கே தெரியும். கடுப்பில் தட்டினால் ஒன்பதாவது இன்னிங்ஸில் அணிக்கு அது இருக்காது.

ஆறு மாதத்துக்கு எரிபொருள்

இது சலிப்பான பகுதி, ஆனால் ஜூலைக்கு மேல் இதுதான் ஆளைக் காப்பாற்றும். ராத்திரி ஆட்டம் பதினொன்று மணிக்கு முடிந்து, விமானம் ஏறி, விடிகாலை மூன்று மணிக்கு வேறு ஊர் ஹோட்டலில் சாவியை வாங்குகிறவனிடம் போய் மன உறுதி பற்றிப் பேசினால் அடிக்க வருவான். அவனுக்கு வேண்டியது தூக்கம். அறையை இருட்டாக்குங்கள், மதியம் இருபது நிமிஷம் கண் அயருங்கள், ஆகஸ்ட் வெயிலில் பேட்டிங் பயிற்சியைப் பாதியாகக் குறையுங்கள். மேனேஜர் ஓய்வு நாள் கொடுத்தால் 'என்னை ஒதுக்குகிறாரோ' என்று கணக்குப் போடாமல் வாங்கிக்கொள்ளுங்கள். கேல் ரிப்கன் தொடர்ச்சியாக 2,632 ஆட்டம் ஆடினார் என்று யாராவது எடுத்து வருவார்கள். அவர் ரிப்கன். மற்றவர்கள் படுத்துத் தூங்கலாம்.

தினசரி ஒழுங்கு ஒன்று வேண்டும். வேட் பாக்ஸ் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் கோழிக்கறி சாப்பிடுவார், ராத்திரி ஆட்டம் என்றால் 7:17-க்கு ஓட்டப் பயிற்சி. கேட்டால் சிரிப்பாக இருக்கும், ஆனால் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார். ஒழுங்குக்கும் மூடநம்பிக்கைக்கும் நான் வைத்திருக்கும் சோதனை இதுதான்: இன்றைக்குக் கோழி கிடைக்கவில்லை என்றால் உங்களால் ஆட முடியுமா? முடியும் என்றால் அது ஒழுங்கு. கை நடுங்கினால் கோழி உங்களைச் சாப்பிடுகிறது என்று அர்த்தம்.

அப்புறம் போன். ஆட்டம் முடிந்த ஒரு மணி நேரத்துக்கு அதைத் தொடாதீர்கள். பந்தயம் கட்டித் தோற்றவர்கள் ஆட்டக்காரர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் அனுப்புகிற வசவு இப்போது அன்றாடம் ஆகிவிட்டது. அதைப் படித்து யாருக்கும் ஸ்விங் சரியானதில்லை.

பிட்சர்களுக்குத் தனியாகக் கொஞ்சம்

ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் ஸ்டார்ட்டராக இருந்தால் உங்கள் முறை ஐந்து நாளைக்கு ஒன்று, பேட்டருக்கு இருக்கிற மாதிரி நாளைக்கே பழி தீர்க்க முடியாது. அதனால் உதை வாங்கிய ஆட்டத்தைப் பற்றி யோசிக்க மறுநாள் மதியம் வரை நேரம் கொடுங்கள், எழுதுங்கள், அப்புறம் மூடுங்கள். மீதி மூன்று நாள் அடுத்த அணிக்கு. கடைசியில் வந்து முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடிக்கும் க்ளோசராக இருந்தால் அதுவும் கிடையாது. மரியானோ ரிவேரா 652 சேவ் (அப்படி முன்னிலை நழுவாமல் முடித்த ஆட்டங்கள்) வைத்திருப்பவர், மேஜர் லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில் 2001-ன் ஏழாவது ஆட்டத்தில் ஒரு ரன் முன்னிலையைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்பதாவது இன்னிங்ஸில் அரிசோனாவிடம் கோட்டை விட்டார். 2003-ல் அமெரிக்கன் லீக் இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே வந்தது.

ராய் ஹாலடே இன்னும் நல்ல பாடம். 2000-ல் டொராண்டோவுக்காக அவருடைய இ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன்களின் சராசரி) 10.64, அத்தனை இன்னிங்ஸ் போட்ட யாருக்கும் அதுவரை அவ்வளவு மோசமாக இருந்ததில்லை. அடுத்த வருஷம் ஏ நிலை அணிக்கு, ஏறக்குறைய அடிப்படி வரைக்கும் இறக்கினார்கள். அங்கே கை வரும் கோணத்தை மாற்றினார்கள். ஹார்வி டார்ஃப்மன் என்ற மனநலப் பயிற்சியாளரிடமும் போனார். 2003-ல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது, 2010-ல் பெர்ஃபெக்ட் கேம். கையையும் மனசையும் சேர்த்தே பழுது பார்த்தார்கள் என்பதைக் கவனியுங்கள், ஒன்றை மட்டும் பார்த்திருந்தால் நடந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அணி தோற்றுக்கொண்டே இருந்தால்

2019-ல் வாஷிங்டன் நேஷனல்ஸ் 19 வெற்றி, 31 தோல்வி. மேனேஜர் டேவ் மார்ட்டினெஸை வேலையைவிட்டுத் தூக்கச் சொல்லி ஊரே பேசியது. அவர் திரும்பத் திரும்பச் சொன்னது, இன்றைக்கு 1-0 ஆகலாம், அதாவது ஒரு வெற்றி, பூஜ்யம் தோல்வி, என்பது. ஐம்பது ஆட்டப் பாரத்தைத் தூக்க வேண்டாம், இன்றைய ஒன்றை எடு. அந்த அணி 93-69 என்று முடித்து, அக்டோபரில் உலகத் தொடரையும் வென்றது. தோல்வி வரிசையில் கிளப்ஹவுஸுக்குள் நுழையும்போது நிற்கும் இடத்தைச் சொல்லும் அட்டவணையைப் பார்ப்பதை நிறுத்துங்கள், இன்று எதிரில் யார் பிட்சர் என்பதை மட்டும் பாருங்கள்.

இது மனப்பான்மை விஷயமே இல்லை என்றால்

படுக்கையை விட்டு எழப் பிடிக்கவில்லை, மைதானத்தை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது, நேற்று வரை சாதாரணமாக எறிந்த பந்து திடீரென்று கையை விட்டுப் போகமாட்டேன் என்கிறது, இப்படி இருந்தால் மேலே சொன்ன மூச்சும் கம்பமும் போதாது. ஸாக் கிரெய்ங்கி 2006-ல் பயிற்சி முகாமை விட்டே போய்விட்டார், சமூகப் பதற்றமும் மன அழுத்தமும். சிகிச்சை எடுத்துத் திரும்பி வந்து 2009-ல் சை யங் வாங்கினார். ரிக் ஆங்கீல் 2000 பிளேஆஃபில் ஒரே இன்னிங்ஸில் கேட்சர் கைக்கே எட்டாத ஐந்து வைல்ட் பிட்ச் போட்டார், பிட்சராகப் பழைய நிலைக்கு வரவே முடியவில்லை. 2007-ல் அவுட்ஃபீல்டராகத் திரும்பி வந்தார். டாக்டரைப் பாருங்கள், முழங்கால் வீங்கினால் பார்ப்பது மாதிரி.

கடைசி வாரம்

செப்டம்பர் கடைசியில் எல்லா எண்ணும் ஒரே நேரத்தில் வந்து கதவைத் தட்டும்: இன்னும் ஒரு ஹோம் ரன் அடித்தால் 30, இன்னும் இரண்டு ஹிட் அடித்தால் .300, ஒப்பந்தத்தில் போனஸ். நோட்டை விடாதீர்கள், அதே மூன்று கேள்வி. உட்கார்ந்துகொண்டால் எண் பத்திரமாக இருக்கும் என்று யாராவது காதில் ஓதுவார்கள், நல்ல எண்ணத்தில்தான் ஓதுவார்கள்.

1941-ன் கடைசி நாள் காலையில் டெட் வில்லியம்ஸின் ஆவரேஜ் .39955. அச்சில் அது .400 என்றே வரும். பாஸ்டன் மேனேஜர் ஜோ க்ரோனின், வேண்டுமானால் உட்கார்ந்துகொள் என்றார். முந்தின ராத்திரி தூக்கம் வராமல் கிளப்ஹவுஸ் ஊழியர் ஒருவரோடு ஃபிலடெல்ஃபியா தெருக்களில் மைல்கணக்கில் நடந்துவிட்டு வந்திருந்த 23 வயதுப் பையன், அன்றைக்கு இருந்த இரண்டு ஆட்டத்திலும் ஆடினான். எட்டுக்கு ஆறு ஹிட். .406. அதற்கப்புறம் அமெரிக்கன் லீக்கிலோ நேஷனல் லீக்கிலோ சீசன் ஒன்றை .400-ல் யாரும் முடித்ததில்லை. அந்த வருஷ அமெரிக்கன் லீக் எம்.வி.பி. (மிகச் சிறந்த ஆட்டக்காரர்) விருது மட்டும் ஜோ டிமாஜியோவுக்குப் போனது.